மெதுவாக்காவின் பாதி பேட்டரி

மெதுவாக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று மார்தட்டிக்கொள்ள அந்த ஊரில் ஒரு பெருங்கூட்டமே இருக்கிறது. அத்தனை பேருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வாத்தியாருக்கென்று தனியாக வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் சொல்வது இரண்டே வார்த்தை. "மெதுவா, மெதுவா!" ஒன்று. "பிரேக்கு, பிரேக்கு!" இன்னொன்று. மூன்றாவதாக ஏதாவது சொன்னாள் என்றால், வண்டி யார் வீட்டுச் சுவரிலோ ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த வலது கால் இருக்கிறதே, அதற்கு ஞாயிறு கிடையாது, லீவு கிடையாது. பஸ்ஸில் போனாலும் அழுத்தும். சோபாவில் சாய்ந்துகொண்டு டிவியில் கார் துரத்தல் பார்த்தாலும் அழுத்தும். ஒரு தடவை பல் டாக்டர் நாற்காலியில் படுத்திருந்தபோது, டாக்டர் டிரில்லைக் கையில் எடுத்ததும் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தியதில் தண்ணீர்க் கிண்ணம் பறந்து போய் விழுந்தது. "நான் இன்னும் வண்டியையே எடுக்கலையேம்மா!" என்றாராம் டாக்டர். அவரும் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்தான்.

மெதுவாக்காவின் கணவர் பேக்கரிக்காரர். ரொட்டி ஏற்றிப் போக ஒரு பழைய வேன் வைத்திருந்தார். அந்த வேனில் அவள் உட்காரும் பக்கத்து மிதியடி, அவள் கால்பட்டுக் கால்பட்டு ஓட்டையாகிவிட்டது. புதிது வாங்கிப் போட்டார், அதுவும் ஓட்டை. கடைசியில் வெறுத்துப்போய், பழைய ரொட்டித் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து எந்தத் திருப்பம் வந்தாலும், எந்த நாய் குறுக்கே வந்தாலும், வேனுக்குள் "டங்!" என்று ஒரு சத்தம். மனிதர் அதற்கும் பழகிவிட்டார்.

இப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமையானால் ரேஸ் ஓட்டுகிறாள் என்றால் யாராவது நம்புவார்களா? சத்தியமாக ஓட்டினாள். ஆனால் கார் முழங்கால் உயரம்கூட வராது. ரிமோட்டில் ஓடுகிற கார். விளையாட்டுச் சாமான் என்று மட்டும் அவள் எதிரில் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிடுவாள்.

இந்தப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவளுடைய கொழுந்தன், அதாவது பேக்கரிக்காரரின் தம்பி. மாடியில் குடியிருந்தான், கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவன் பெயர் ராக்கெட். நடந்தால் ராக்கெட், சாப்பிட்டால் ராக்கெட், பேசினால் கேட்கவே வேண்டாம். அவனுக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணிதான், அந்தக் காலத்தில் அவள் எடை குறைந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ராக்கெட் முதல் ரேஸ் காரை வாங்கிய புதிதில், பேட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, ஓட்டாமலே கொண்டுபோய் அண்ணியின் துணி அலமாரியில் செருகிவிட்டு மறந்துபோனான். ஒரு நாள் மதியம் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தவள் "ஐயையோ!" என்று கத்தினாள். துண்டுகளுக்கு நடுவே பேட்டரி பன் மாதிரி உப்பிக் கிடந்தது. ஓடிவந்த பேக்கரிக்காரர் தொழில் பழக்கத்தில், "அட, நல்லாத்தான் உப்பியிருக்கு" என்று ரசித்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் இடுக்கியால் அதைத் தூக்கி, முற்றத்தில் மணல் வாளிக்குள் வைத்து, தூரமாக ஒரு நாற்காலி போட்டு, அது வெடிக்குமா வெடிக்காதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே வீட்டில் சட்டம் வந்துவிட்டது: இனிமேல் பேட்டரி இலாகா அண்ணி கையில்.

இலாகாவை எடுத்துக்கொண்டால் சும்மா விடுகிற ஆளா அவள்? கேட்டாள், படித்தாள், தெரிந்தவர்களைத் துளைத்து எடுத்தாள். இந்த லித்தியம் பேட்டரியை ரேஸ்காரர்கள் லிப்போ என்பார்கள். கையளவுதான் இருக்கும், ஆனால் மூச்சு விடாமல் கரண்ட்டைக் கொட்டும். முழுசாக ஏற்றி நாள்கணக்கில் போட்டு வைத்தால் உப்பும். ஒட்ட உறிஞ்சிவிட்டால் செத்துப்போகும். வேலையில்லாத நாளில் பாதி சார்ஜில் வைத்தால்தான் ஆயுசு. அதற்கென்றே சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. அந்த பட்டனை அழுத்தினால் போதும், பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் பாதிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பீப் பீப் என்று கூப்பிடும். அந்த பட்டன் மேல் மெதுவாக்காவுக்கு அப்படி ஒரு பிரியம். "நிறைஞ்சு வழியவும் வேணாம், காஞ்சு கிடக்கவும் வேணாம். பாதியில நிம்மதியா இரு," என்று பேட்டரியிடமே சொல்வாள். ரேஸ் முடிந்ததா, காரிலிருந்து கழற்று, சார்ஜரில் மாட்டு, ஸ்டோரேஜை அழுத்து. வருஷக்கணக்கில் அதுவே வழக்கமாகி, அந்தக் கட்டைவிரலுக்குக் கண்ணே தேவைப்படாமல் போனது.

பேட்டரிக்குக் காவலாகத்தான் முதலில் ரேஸ் மைதானத்துக்குப் போனாள். ஒரு நாள் ராக்கெட் வர நேரமாகிவிட, காரைச் சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லி ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார்கள். விசையை இழுத்தால் ஓடும், முன்னால் தள்ளினால் பிரேக். இழுத்தாள். அந்தக் குட்டி வண்டி மண்ணை வாரி இறைத்துக்கொண்டு சீறியதைப் பார்த்து, "ஆத்தாடி!" என்று சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு அடங்கவே இல்லை. அடுத்த வாரமே சொந்தக் கார் வாங்கிவிட்டாள்.

பேட்டரி வாங்கப் போனால் ஒரே கூத்துதான். ராக்கெட் வாங்குகிற விதம் வேறு. ஸ்டிக்கரில் நெருப்புப் படம் போட்டிருக்க வேண்டும், 'சி' என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கிற எண் பெரிசாக இருக்க வேண்டும். அந்த எண், பேட்டரி எவ்வளவு வேகமாகக் கரண்ட்டைக் கொடுக்கும் என்று கம்பெனிக்காரன் போட்டுக்கொள்வது. "அவன் கையால அவனே மார்க் போட்டுக்கிறான், நீ அதை நம்புறியே தம்பி," என்பாள் மெதுவாக்கா. அவள் கைப்பையிலிருந்து முதலில் வெளியே வருவது பேக்கரித் தராசு. ஒரே அளவு என்று எழுதியிருக்கிற நாலு பேட்டரியை நிறுத்துப் பார்ப்பாள். எடை குறைந்ததை ஒதுக்குவாள், உள்ளே சரக்கு கம்மி. அடுத்து ஒரு சின்ன மீட்டர். பேட்டரிக்குள் கரண்ட் எவ்வளவு முட்டி மோதிக்கொண்டு வெளியே வருகிறது என்று அது காட்டும். பேட்டரிக்குள் இருக்கிற இரண்டு அறைக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும், ஒன்று திணறி ஒன்று ஓடினால் அந்த ஜோடி உருப்படாது. கடைசியாகக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஆடுகிறதா என்று விரலால் தட்டுவாள். லேசாக ஆடினாலும் உப்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"அக்கா, பேட்டரி வாங்க வந்தீங்களா, மருமகள் தேட வந்தீங்களா?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"மருமகள்னா இவ்ளோ பார்க்க மாட்டேன்," என்பாள்.

அப்படிப் பொறுக்கி எடுத்தவைதான் இரண்டு. முதலில் வாங்கியது மூத்தவள், பிறகு வாங்கியது இளையவள். மூத்தவள் வயசானாலும் சொன்ன பேச்சைக் கேட்பவள். இளையவள் அசல் சிங்கம், அதனால் முக்கியமான ஓட்டத்துக்கு மட்டும்தான் வெளியே வருவாள். இரண்டையும் தீப்பிடிக்காத பைக்குள் போட்டு, பைகளை ஒரு பழைய ரொட்டி டின்னுக்குள் வைத்து, வெயில் படாத மூலையில் வைத்திருந்தாள். ராக்கெட்டோ மாதத்துக்கு ஒரு பேட்டரியை உப்ப வைத்துவிட்டு, "ராசி இல்லாத பேட்டரி அண்ணி" என்பான்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தும் என்ன பிரயோசனம்? ரேஸில் அவள் இடம் கடைசி, இல்லையென்றால் கடைசிக்கு முந்தினது. காரணம் ஊருக்கே தெரியும். திருப்பத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே விரல் பிரேக்கைத் தள்ளிவிடும். கூடவே வாய், "பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்தும். கூடவே வலது கால், ரிமோட் பிடிப்பவர்கள் வரிசையாக ஏறி நிற்கிற பலகை மேடையைத் தொம்மென்று மிதிக்கும். மேடையே ஆடும். பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் விலகிப் போய்விட்டார்கள். ராக்கெட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பான். "அண்ணி பக்கத்துல நின்னாத்தான் எனக்கு ராசி," என்பான். அவனும் கடைசியில்தான் வருவான், ஏனென்றால் நேர்ப்பாதையில் பறக்கிற வண்டி பாதி நேரம் தலைகீழாகக் கிடக்கும். ஆக, அண்ணியும் கொழுந்தனும் எந்த ரேஸிலும் ஒட்டிக்கொண்டேதான் ஓடுவார்கள்.

அந்த வருஷம் வந்தது வினை. கிளப்பில் ஆள் கூடிப்போய்விட்டதால், ரேஸ் நடத்துகிற விசில்காரர் ஒரு சட்டம் போட்டார். அடுத்த வருஷம் பெரிய வகுப்பில் எட்டுப் பேருக்குத்தான் இடம். மிச்சமுள்ளவர்கள் பொடிசுகள் வகுப்புக்குப் போக வேண்டும். பொடிசுகள் வகுப்பு என்றால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டுகிற கார், ஜூஸ் பாட்டில், தோற்றால் அழுகை. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் ஏழு பேர் உறுதி. எட்டாவது இடத்துக்கு அண்ணியும் கொழுந்தனும் சரிசமம். கடைசி ஃபைனலில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குத்தான் அந்த இடம்.

"அண்ணி, நீங்க பெரியவங்க. விட்டுக்கொடுத்துடுங்க. கடையில நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு உட்காருவேன்?"

"போடா. எனக்கு மட்டும் மூஞ்சி இல்லையா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. வாரம் பூராவும் அடுத்தவர் வேகத்தை அடக்குவதுதான் அவள் பிழைப்பு. அவள் விரல் இழுத்து ஒன்று சீறுவது அந்த மண் மைதானத்தில் மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு பொடிசுகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால், அவளுக்கு அழுகையே வந்துவிடும். அந்த இடம் அவளுக்கு வேண்டும், அவ்வளவு ஆசை. இதைப் பேக்கரிக்காரரிடம் சொன்னபோது அவர் மாவு கையோடு நின்று யோசித்தார்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். பிரேக்கை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணு."

"மூச்சு விடாம இருன்னு சொல்லுங்க, அது சுலபம்."

அந்த ஞாயிறும் வந்தது. பழைய கிடங்கு ஒன்றின் பின்புறம் கட்டிய மண் மைதானம், சுற்றி வரக் குழாய்களால் தடுப்பு, மேடு, பள்ளம், கடைசியில் முடிவுக்கோட்டுக்கு முன்னால் லேசான ஒரு இறக்கம். காலையில் தகுதிச் சுற்றுக்கு மூத்தவளை மாட்டி ஓட்டினாள். வழக்கம்போல அவளும் ராக்கெட்டும் கடைசியில். மேடையிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தாள். ஓய்ந்துபோன மூத்தவளைக் காரிலிருந்து கழற்றி ஓரமாக வைத்தாள். ஃபைனலுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த இளையவளைப் பையிலிருந்து எடுத்தாள். சார்ஜரில் மாட்டினாள். அப்போது பார்த்து விசில்காரர், "யக்கா, மூணாம் திருப்பத்துல ஆள் இல்லை, ஓடுங்க!" என்று கத்தினார். அங்கே ஒரு முறை உண்டு. ஒரு ஓட்டம் முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்துக்குத் திருப்பங்களில் நின்று, கவிழ்கிற கார்களை நிமிர்த்திவிட வேண்டும். ரேஸ் முடிந்து வந்த கட்டைவிரல் தன் பாட்டுக்கு பட்டனை அழுத்தியது. மெதுவாக்கா ஓடினாள்.

எந்த பட்டன் என்று தெரிந்திருக்குமே! வருஷக்கணக்கில் ரேஸ் முடிந்ததும் அந்த விரல் எதை அழுத்துமோ, அதைத்தான் அழுத்தியது.

சார்ஜ் ஏறுகிற பேட்டரியைத் தனியாக விடக்கூடாது என்பது அவள் சட்டம். அதனால் பேக்கரிக்காரர் பக்கத்தில் மணல் வாளியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: பீப் பீப் என்றால் கழற்றி, காரில் மாட்டி, பட்டையை இறுக்கு. இளையவள் வீட்டிலிருந்தே பாதி சார்ஜில் வந்தவள். அவளைப் பாதிக்குக் கொண்டுவர என்ன நேரம் பிடிக்கும்? மெதுவாக்கா அந்தப் பக்கம் போனதும் பீப் அடித்துவிட்டது. "அட, என்ன சுறுசுறுப்பு!" என்று மெச்சிக்கொண்டே மனிதர் காரில் மாட்டிவிட்டார்.

மெதுவாக்கா திருப்பத்திலிருந்து நேராக மேடைக்கு ஏறினாள். எட்டு வருஷத்து ரிமோட் கையில். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ராக்கெட். கீழே பேக்கரிக்காரர் காரைத் தரையில் விட்டார். கார் அசமந்தமாகக் கிளம்பியது. பழகிப் பார்க்கிற சுற்றில் நேர்ப்பாதையில் முழு விசையையும் இழுத்தாள். சீறவில்லை. சிங்கம் கொட்டாவி விட்டது.

"ஏங்க!" மேடையிலிருந்து கத்தினாள். "சார்ஜர் சத்தம் போட்டுச்சா?"

"போட்டுச்சே! நீ போனதுமே போட்டுச்சு!" பெருமையோடு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தாள். அடப்பாவி விரலே! மூத்தவள் ஓய்ந்து கிடக்கிறாள், மாற்ற வேறு பேட்டரி கிடையாது, விசில்காரர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஃபைனல் என்றால் மற்ற ஓட்டத்தைவிட நீளம் வேறு. பாதி பேட்டரி பாதி ரேஸில் படுத்துக்கொள்ளும்.

"என்ன அண்ணி, முகம் வெளுத்துப்போச்சு? இப்பவே பொடிசுங்களுக்கு சாக்லேட் வாங்கி வெச்சுக்கோங்க," என்றான் ராக்கெட்.

"வாயை மூடு," என்றாள். ரேஸ் முடியும்வரை அதுதான் அவள் பேசிய கடைசி வார்த்தை.

விசில் ஊதியது. எல்லோரும் பாய்ந்தார்கள். அவள் கார் கடைசியாகக் கிளம்பியது. முதல் திருப்பம் வந்தது, விரல் பிரேக்குக்குப் போனது. போன விரலை அவள் பிடித்து நிறுத்தினாள். பேட்டரி இலாகா பார்த்தவள் அல்லவா, கணக்கு பளிச்சென்று தெரிந்தது. பிரேக் போட்டால் வேகம் போகும். போன வேகத்தைத் திரும்பக் கொண்டுவர இளையவளைத்தான் உறிஞ்ச வேண்டும். உறிஞ்ச அவளிடம் என்ன இருக்கிறது? கடவுளே என்று விசையை மட்டும் விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். கார் பிரேக் இல்லாமல், தானாக உருண்டு, வளைந்து, உள்ளோரத்தை உரசிக்கொண்டு திரும்பி வெளியே வந்தது.

கவிழவில்லை!

அடுத்த திருப்பம். விசையை விட்டாள், உருண்டது, திரும்பியது. அதற்கடுத்தது. அட, இது என்ன இது? இத்தனை வருஷமாக இந்த வண்டிக்குத் திரும்பத் தெரிந்திருக்கிறது, அவள்தான் விடவில்லை! உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்து தொண்டையில் முட்டியது. சிரித்தால் கை ஆடும் என்று அதையும் அடக்கினாள். நேர்ப்பாதையில் எல்லோரும் அவளைத் தாண்டினார்கள், திருப்பத்தில் அவள் எல்லோரையும் தொட்டுவிட்டாள். கீழே பேக்கரிக்காரர் மணல் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்.

ராக்கெட்டுக்கு என்ன கேடு வந்தது என்றுதான் தெரியவில்லை. நெருப்புப் படம் போட்ட புது பேட்டரி, நேர்ப்பாதையில் பேய் வேகம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நேராகப் போய்த் தடுப்பில் முட்டினான். நிமிர்த்தி விட்டார்கள். துரத்திப் பிடித்தான். அடுத்த திருப்பத்தில் திரும்பவும் முட்டினான். ஓரக்கண்ணால் அவளையே பார்த்தான். "அண்ணி, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றான். அவள் வாய் திறக்கவில்லை.

கடைசிச் சுற்று. அவள் முன்னால், அவன் அரைச் சுற்று பின்னால். அப்போதுதான் இளையவள் கையை விரித்தாள். பேட்டரி ஒட்டக் காய்ந்து சாகாமல் இருக்க, ஒரு அளவுக்குக் கீழே போனால் காரே கரண்ட்டை நிறுத்திக்கொள்ளும். நிறுத்திவிட்டது. விசையை எவ்வளவு இழுத்தும் மோட்டாரில் மூச்சில்லை. கடைசி மேட்டில் ஏறிய வேகத்தில் உச்சியைத் தாண்டி, இறக்கத்தில் கார் சும்மா உருண்டுகொண்டிருந்தது. உருண்டது, உருண்டது, மெதுவாக, இன்னும் மெதுவாக. முடிவுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றே போனது.

"ஐயோ!" என்று கூட்டமே கத்தியது.

மேட்டின் உச்சியில் ராக்கெட்டின் கார் தெரிந்தது. முழு வேகம். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் குழாய்த் தடுப்பு, விலக இடமில்லை. மெதுவாக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். விரல் அசையவில்லை, கால் அசையவில்லை, வாயும் அசையவில்லை. ராக்கெட்டின் கார் இறக்கத்தில் பாய்ந்து வந்து, அவள் காரின் பின்னால் 'டமால்' என்று இடித்தது. அவள் கார் ஆகாயத்தில் எழும்பி, இரண்டு குட்டிக்கரணம் போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் மல்லாந்து விழுந்தது. பின்னாலேயே அவன் கார் கோட்டைத் தாண்டியது.

மைதானமே இரண்டுபட்டது.

"செல்லாது! செல்லாது!" என்று ராக்கெட் குதித்தான். "அது ஓடி வரலை, நான் தள்ளி வந்துச்சு!"

விசில்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவரும் மெதுவாக்காவிடம் படித்தவர். "நின்ன வண்டிய பின்னாடி வந்து இடிச்சா யாரு மேல தப்பு?"

"பின்னாடி வந்தவன் மேல!" என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. அத்தனையும் அவள் மாணவர்கள், முதல் நாள் பாடம் அது.

"அப்புறம் என்ன? முன்னாடி எது கோட்டைத் தொட்டுச்சோ அதுதான் முன்னாடி. எட்டாவது இடம் அக்காவுக்கு."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பும் கூடவே வந்து, எது எதற்கு என்றே தெரியாமல் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். ராக்கெட் அவள் முன்னால் வந்து நின்றான். முகம் விழுந்து கிடந்தது.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

"நான் என்னடா பண்ணேன்?"

"ஏன் கத்தல?"

"என்னது?"

"பிரேக்குன்னு ஏன் கத்தல? ஒரு திருப்பத்துலயாவது கத்துனீங்களா? நீங்க கத்துவீங்க கத்துவீங்கன்னு பார்த்து பார்த்து நான் நேரா போய் முட்டிக்கிட்டேன்! லைசென்ஸ் எடுத்த நாள்ல இருந்து உங்க சத்தத்துக்குத்தான் நான் பிரேக் போடுறேன். எதுக்கு உங்க பக்கத்துலயே நிக்கிறேன்னு நினைச்சீங்க?"

மெதுவாக்கா வாயைப் பிளந்தாள். அப்படியானால் இத்தனை வருஷமாக அவள் இரண்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்!

"சரி, அப்போ ரோட்டுல போறப்ப?"

"ரோட்டுல மனசுக்குள்ளயே கேட்குது," என்றான் ராக்கெட். பொய் சொல்கிற முகமாக இல்லை. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ஒரு பக்கம் பூரிப்பாகவும் இருந்தது. அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

"பொடிசுங்க ரேஸுக்கு வந்து நிக்கிறேன், போ. ஆனா கத்த மாட்டேன். நீயே போட்டுப் பழகு."

சாயங்காலம் எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். இளையவள் சூடு ஆறும் வரை காத்திருந்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்துத் தட்டிப் பார்த்தாள். ஆடவில்லை, தங்கம். சார்ஜரில் மாட்டி, இந்தத் தடவை கண்ணால் பார்த்து, ஸ்டோரேஜை அழுத்தினாள். பீப் கேட்டதும் பையில் போட்டு, ரொட்டி டின்னில் வைத்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

பேக்கரிக்காரர் ஓட்டினார். அவள் வாய் ஓயாமல் பேசினாள். உருண்டதைச் சொன்னாள், திரும்பியதைச் சொன்னாள், குட்டிக்கரணத்தைக் கையால் செய்து காட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கடைத்தெரு போனது, பெட்ரோல் பங்க் போனது, பள்ளிக்கூடம் போனது.

"ஏங்க, நம்ம வீடு!"

வீட்டுத் திருப்பம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது. வேன் நேரே பக்கத்துப் பேட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேந்தப் பேந்த விழித்தார்.

"வீடு தாண்டினது தெரியலையா?"

"எப்படித் தெரியும்? நீ டங்குன்னு அடிக்கலையே!"

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ரொட்டித் தட்டின் மேல் அது பாட்டுக்கு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுகமாகச் சாய்ந்து கிடந்தது. வழி பூராவும் அசையவே இல்லை.

"நீங்களுமா?" என்றாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து," என்றார் அவர். "சீக்கிரம் ஏதாவது பண்ணும்மா, எதிர்ல லாரி வருது."

மெதுவாக்கா சிரித்துச் சிரித்து, மடியில் இருந்த டின் குலுங்க, வலது காலை எடுத்து ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

டங்!

வேன் நின்றது.